முதலில் காற்றுக்கு வேலி

டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். புல்வெளி முழுவதும் உப்பைத் தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கும். பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கில் இருக்கும் ஊர் அது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கும் அப்பால், அட்லாண்டிக் கடலில், ஏறக்குறைய 50 டிகிரி வடக்கில் ஸில்லி என்று ஒரு சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே உறைபனி அபூர்வம். தென்னாப்பிரிக்காவின் புரோட்டியாவும் கானரித் தீவின் பேரீச்ச மரமும் கண்ணாடிக் கூண்டு எதுவுமில்லாமல் திறந்த வெளியில் வளர்கின்றன.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்க்கும் வாய்ப்பு 2023 மே மாதம் கிடைத்தது. லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரில் இருக்கும் எங்கள் மகள், "அப்பா, இந்தத் தடவை லண்டன் பிரிட்ஜ், மியூசியம் எல்லாம் வேண்டாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் பிடிக்கிற மாதிரி தோட்டம் பார்க்கப் போகலாம்" என்று பத்து நாள் பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். ரயில் பயணமும் அதில் சேர்ந்திருந்ததால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. கார்ன்வால் மாவட்டத்திலும் ஸில்லித் தீவுகளிலும் கண்டவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கடல் என்னும் கணப்பு

முதலில் இந்த அதிசயத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாக்பூர்வாசிகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். நம் ஊரில் மே மாதம் 45 டிகிரியைத் தொடுகிறது. டிசம்பர் இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கி ஸ்வெட்டரைத் தேட வைக்கிறது. சென்னையில் வியர்வை வழியும், ஆனால் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. காரணம் ஒன்றுதான். சென்னைக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது. நமக்கு எந்தப் பக்கம் போனாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தரைதான்.

தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஒரு கன மீட்டர் கடல் நீர் ஒரு டிகிரி குளிரும்போது வெளியே விடும் வெப்பம், மூவாயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றை ஒரு டிகிரி சூடாக்கப் போதும். கோடை முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட அட்லாண்டிக் கடல், குளிர்காலத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அதற்குத் துணை செய்கிறது. அந்தப் பக்கத்தில் வருடத்தின் பெரும் பகுதி காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால், கடலின் கதகதப்பு நேராகக் கரைக்கு வந்து சேர்கிறது.

ஸில்லியில் ஜனவரி மாதச் சராசரி சுமார் 8 டிகிரி. அதே அட்சரேகையில், கனடா நாட்டின் நடுவில் இருக்கும் வின்னிபெக் நகரில் ஜனவரிச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 16 டிகிரி. வித்தியாசம் 24 டிகிரி. இரண்டு ஊர்களிலும் சூரியன் ஒரே உயரத்தில்தான் வருகிறான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குளிரைத் தணிக்கும் அதே கடல் கோடையையும் தணித்துவிடுகிறது. ஸில்லியில் ஆகஸ்ட் மாதச் சராசரி 17 டிகிரியைச் சுற்றித்தான். எனவே இத்தோட்டங்களை மிதவெப்பமண்டலத் தோட்டங்கள் என்று அழைத்தாலும், மாவும் தென்னையும் அங்கே நினைத்துப் பார்க்க முடியாது. ஜப்பான் வாழை என்று ஒன்று பல தோட்டங்களில் தழைத்து நிற்கிறது. என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இலை இருக்கு. நம்ம ஊர்க் காய் மாதிரி ஒண்ணையும் காணோமே" என்றாள். வெயில் போதாது, சமையலுக்கு ஆகும் காய் அதில் வராது. இலையின் அழகுக்காகத்தான் வளர்க்கிறார்கள்.

கடலோரமாக ஒரு ரயில்

லண்டன் பாடிங்டனிலிருந்து கார்ன்வாலின் கடைசி ஸ்டேஷனான பென்சான்ஸ் வரை சுமார் 490 கி.மீ. நாங்கள் ரெடிங்கில் ஏறினோம். எக்ஸெட்டர் தாண்டியதும் டாலிஷ் என்ற ஊரில் ரயில் பாதை கடல் சுவரின் மேலேயே போகிறது. அலைத் துளிகள் ஜன்னல் கண்ணாடியில் விழுகின்றன. 2014 பிப்ரவரியில் அடித்த புயலில் இந்தச் சுவர் இடிந்து, சுமார் 80 மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 4-ஆம் தேதி, பாதையைத் திரும்பத் திறந்தார்கள். பிறகு உயரமான புதுச் சுவர் எழுப்பி 2023-இல் முடித்திருக்கிறார்கள். பெர்மனென்ட் வே பகுதியில் 36 வருடம் வேலை பார்த்தவனுக்கு அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் தூங்கியிருக்க மாட்டார்கள் என்பது தெரியும்.

அடுத்து பிளிமத் தாண்டி சால்டாஷ் பாலம். பிரூனல் என்ற மேதை கட்டியது, 1859-இல் திறக்கப்பட்டது. தலா 455 அடி நீளத்தில் இரண்டு பெரிய கண்கள், தண்ணீருக்கு மேல் 100 அடி இடைவெளி. திறப்பு விழாவுக்கு வர முடியாத அளவுக்கு அவர் நோயுற்றிருந்தார். பிறகு ஒரு திறந்த வாகனில் படுத்தபடியே தன் பாலத்தைக் கடந்து பார்த்தார். அதே வருடம் காலமானார்.

தோட்டக் கட்டுரையில் பாலம் எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பாலம் வந்த பிறகுதான் கார்ன்வாலின் முன்பருவக் காய்கறிகளும் ஸில்லியின் பூக்களும் வாடாமல் லண்டன் சந்தைக்குப் போக வழி பிறந்தது. லண்டன் பனியில் கிடக்கும்போது ஸில்லியில் நார்சிஸஸ் பூத்துவிடும். அந்த ஒரு மாத, இரண்டு மாத வித்தியாசத்தை வைத்துத் தீவுக்காரர்கள் ஒரு தொழிலையே உண்டாக்கிக் கொண்டார்கள்.

டிரீபா: ஓய்வுக்குப் பின் ஒரு வேலை

ட்ரூரோ ஜங்ஷனில் இறங்கி, கிளைப் பாதையில் ஃபால்மத் துறைமுகம் போய் இரண்டு நாள் தங்கினோம். அங்கிருந்து சிறிது தூரத்தில், ஹெல்ஃபோர்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது டிரீபா தோட்டம்.

ஃபால்மத்தில் கப்பல் ஏஜென்டுகளாக இருந்த ஃபாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபாக்ஸ் 1838-இல் தொடங்கியது இது. உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் கப்பல் வந்து போகும் துறைமுகம் கையில் இருந்தால் செடிகளுக்குக் குறைவு உண்டா? வீடு மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து 200 அடி இறக்கத்தில், ஒரு பள்ளத்தாக்கு வழியாகத் தோட்டம் கடற்கரை வரை இறங்குகிறது. இருபுறமும் மரங்கள் காற்றை மறிக்கின்றன; நடுவில் ஓடை. சீனத்து விசிறிப் பனை, ஆஸ்திரேலியாவின் மரப் பெரணி, மாடி உயரத்துக்கு ரோடோடென்ட்ரான். கனெரா என்ற தென்னமெரிக்கச் செடியின் ஒரு இலை இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கப் போதும். நாங்களே ஒதுங்கினோம்.

சார்லஸ் ஃபாக்ஸ் ஒரு மரத்தை நடுவதற்கு முன், அது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ அந்த உயரத்துக்குச் சாரம் கட்டச் சொல்வாராம். வீட்டின் மேல்மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, ஊதுகுழல் வழியாக 'இன்னும் இடது பக்கம் நகர்த்து' என்று கத்துவாராம். தான் இருந்து பார்க்கப் போகாத உயரத்துக்கு இடம் குறித்து வைத்த மனிதர்!

இந்தத் தோட்டம் 1939-க்குப் பிறகு கைமாறிக் கைமாறிக் காடாகிப் போனது. 1944 ஜூனில் அதன் அடியில் இருக்கும் கடற்கரையிலிருந்து அமெரிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் நார்மண்டிக்குக் கப்பலேறினார்கள். பிறகு 1981-இல் டோனி ஹிபர்ட் என்ற ஓய்வு பெற்ற ராணுவ மேஜர், மீதி நாளை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று தன் மனைவியோடு இந்த வீட்டை வாங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. புதருக்கு அடியில் ஒரு பெரிய தோட்டம் புதைந்து கிடப்பது தெரிந்ததும் நிம்மதியை ஒத்தி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். 1987-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1990-இல் ஒரு அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார்கள். ஹிபர்ட் 2014-இல், 96-ஆம் வயதில் மறைந்தார். ஓய்வு பெற்ற நம் நண்பர்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கார்ன்வாலில் இன்னொரு தோட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஹெலிகன் என்பது ஒரு பெரிய பண்ணையின் தோட்டம். 1914 ஆகஸ்டில் தோட்டக்காரர்கள் தங்கள் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்துவிட்டு முதல் உலகப் போருக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை. கவனிக்க ஆளில்லாத தோட்டத்தை முட்செடி மூடிவிட்டது. 1990-இல்தான் அதைத் திரும்ப வெட்டித் திறந்தார்கள். செடி இருந்தது, மண் இருந்தது, கடல் காற்றும் இருந்தது. பார்த்துக்கொள்ள மனிதர்கள் மட்டும் இல்லை. அவ்வளவுதான், தோட்டம் இல்லாமல் போய்விட்டது.

டிரெஸ்கோ: சுவரும் மரமும்

பென்சான்ஸிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால் ஸில்லியின் பெரிய தீவான செயின்ட் மேரீஸ். கடல் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டியது. என் மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்ததால் பிழைத்தோம். அங்கிருந்து சிறு படகில் டிரெஸ்கோ தீவு. கார் போக்குவரத்து இல்லாத அமைதியான இடம்.

இந்தத் தீவுகளுக்கு உடைமையாளர் கார்ன்வால் பிரபுப் பண்ணை. அகஸ்டஸ் ஸ்மித் என்பவர் 1834-இல் தீவுகளை அதனிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். அப்போது தீவுவாசிகள் வறுமையில் இருந்தார்கள். அவர் கண்டிப்பானவர். பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றார். பள்ளிக்கு வந்தால் வாரம் ஒரு பென்னி கட்டணம், வராவிட்டால் இரண்டு பென்னி! அதே கண்டிப்பில் கொடுமையும் உண்டு. சாம்சன் என்ற சிறு தீவில் எஞ்சியிருந்த குடும்பங்களை 1855-இல் வெளியேற்றிவிட்டார். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டிரெஸ்கோவில் ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தின் இடிபாடுகளைச் சுற்றி அவர் தோட்டம் போட்டார். அந்த இடத்தில் உறைபனி எதிரி இல்லை. காற்றுதான் எதிரி. அட்லாண்டிக்கில் ஆயிரக்கணக்கான மைல் தடையில்லாமல் ஓடி வரும் காற்று முதலில் மோதுவது இந்தத் தீவுகளில்தான். அதோடு உப்புத் துளியும் சேர்ந்து வரும். இலைகளைத் தீயில் வாட்டினாற்போல் கருக்கிவிடும். கடலோரப் பகுதியில் வேலை பார்த்த ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிட வேண்டியிருந்தது. உப்புக் காற்று இரும்பையே தின்றுவிடும், இலை எம்மாத்திரம்?

ஸ்மித் உயரமான சுவர்களை எழுப்பினார். ஆனால் சுவர் மட்டும் போதாது. முழுச் சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று கீழே இறங்கி அடிக்கும். பாதிக் காற்றை விட்டு, பாதிக் காற்றை மறிக்கும் மரவேலிதான் நல்ல தடுப்பு. அப்படி ஒரு வேலி, மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். நம் கடற்கரையில் சவுக்குத் தோப்பு செய்யும் வேலை இதுதான். டிரெஸ்கோவில் கலிபோர்னியாவின் கடற்கரையைச் சேர்ந்த மான்டெரி பைன், மான்டெரி சைப்ரஸ் என்ற இரண்டு மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். உப்புக் காற்றைத் தாங்கும் மரங்கள் அவை. 1872-இல் ஸ்மித் இறந்த பிறகு, அவருடைய சகோதரர் மகன் அந்த மர வேலியைப் பெருக்கினார். பூ வியாபாரத்தையும் வளர்த்தார். அடுத்த தலைமுறை நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் செடிகள் கொண்டுவந்தது. காற்று அடங்கிய இடத்தில்தான் அவையெல்லாம் வேர் பிடித்தன.

இன்று சுமார் 17 ஏக்கரில், தெற்கு நோக்கிய சரிவில் படிப்படியாக மேடைகள். மேல் மேடைகள் வெயிலும் வறட்சியுமாக இருப்பதால் அங்கே தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியச் செடிகள். கீழே ஈரம் அதிகம். அங்கே நியூசிலாந்து, தென்னமெரிக்காவின் செடிகள். ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நிற்கும் கானரித் தீவின் எக்கியம் நீலப் பூக்களோடு தேனீக்கூட்டமாக இரைந்துகொண்டிருந்தது. அது ஒரே முறை பூத்துவிட்டு, விதையைக் கொட்டிவிட்டு இறந்துவிடும். கரை ஒதுங்கிய கப்பல்களின் முகப்புச் சிலைகளை ஒரு கொட்டகையில் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ கப்பல்களை உடைத்த கடல்தான் இந்தத் தோட்டத்துக்குக் கதகதப்பைத் தருகிறது.

ஒரு மேடையில் என் மனைவி சட்டென்று நின்றாள். "ஏங்க, இது நம்ம ரயில் கற்றாழை இல்லே?" ஆமாம், அதே ஆனைக் கற்றாழைதான். மெக்சிகோவில் பிறந்த செடி. நம் நாட்டில் ரயில் பாதை ஓரங்களில் ஆடு மாடு ஏறாமலிருக்க வேலியாக நட்டார்கள். எத்தனை மைல் அதன் முள்ளோடு மல்லுக்கட்டி நடந்திருப்பேன்! இங்கே அதற்குப் பெயர்ப்பலகை. சுற்றிலும் நின்று போட்டோ எடுக்கிறார்கள். "பாருங்க, ஊர் மாறினா மரியாதையும் மாறுது" என்றாள் மகள். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

1987, 1990

தோட்டத்தில் எல்லோருக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1987 ஜனவரியில், எப்போதும் இல்லாத வழக்கமாக, ஸில்லியில் பனி கொட்டியது. கடும் உறைபனியும் தொடர்ந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்த்த செடிகளில் பெரும் பகுதி கருகி அழுகிப் போனது. மூன்று வருடம் மெல்ல மெல்லத் திரும்ப நட்டார்கள். 1990 ஜனவரி 25-ஆம் தேதி பெரும் புயல். இந்தத் தடவை விழுந்தவை செடிகள் அல்ல, காப்பு மரங்கள். வேலியாக நின்ற முதிர்ந்த மரங்களில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே நாளில் சாய்ந்தன.

இரண்டில் எது பெரிய நஷ்டம்? தோட்டக்கலை தெரியாத எனக்கு முதலாவதுதான் பெரிதாகப் பட்டது. யோசித்தால் இரண்டாவதுதான். செடி போனால் மற்றத் தோட்டங்களிலிருந்து கிளையும் விதையும் வாங்கி நாலைந்து வருடத்தில் பூக்க வைக்கலாம். டிரெஸ்கோ எத்தனையோ தோட்டங்களுக்குச் செடி கொடுத்திருந்தது. அவற்றில் பல திரும்பக் கொடுத்தன. மரவேலி போனால் முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். அது எழும்பும் வரை உள்ளே நடும் ஒவ்வொரு செடியும் காற்றின் தயவில்தான். ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில் முதிர்கின்றன. ஒரே புயலில் விழவும் கூடும். காடு வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம் இது. முதிர்ந்த மரம் நிற்கும்போதே அதன் நிழலில் இளமரத்தை நட்டு வைப்பதுதான் இதற்கு ஒரே வழி.

நாங்கள் போனபோது புதிய மரங்கள் முப்பது வயதைத் தாண்டிச் செழிப்பாக நின்றன. படகுத் துறையில் காற்று என் தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் இலை அசையவில்லை.

ஸ்காட்லாந்தில் ஒரு வழுக்கைப் பாறை

நாங்கள் போகாத ஒரு தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மாஸ்கோவை விட வடக்கே, இன்வர்யூ என்று ஒரு தோட்டம். ஆஸ்குட் மெக்கென்ஸி என்பவரின் தாயார் 1862-இல் அவருக்காக வாங்கிய நிலம். கடலுக்குள் நீட்டிய வழுக்கைப் பாறை. மரம் என்று சொல்ல இரண்டொரு குட்டை வில்லோப் புதர்தான் இருந்ததாம். அவர் முதலில் வேலி போட்டார். கூடை கூடையாக மண் சுமக்க வைத்தார். பைன் மரங்களைச் சுற்றிலும் நட்டுவிட்டு, அவை எழும்பும் வரை ஏறக்குறைய இருபது வருடம் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஆசைப்பட்ட வெளிநாட்டுச் செடிகளைப் பரவலாக நட்டார். 1922-இல் அவர் இறந்தபோது அங்கே யூகலிப்டஸும் நியூசிலாந்துச் செடிகளும் செழித்திருந்தன. மகள் மெய்ரி அதைத் தொடர்ந்து பராமரித்து, 1952-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கு ஒப்படைத்தார்.

போக விரும்புவோருக்கு

இங்கிலாந்தில் மக்கள், மருமக்கள் இருக்கும் குடும்பங்கள் நம்மில் பெருகிவிட்டன. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரோடோடென்ட்ரான் பார்க்க ஏப்ரல், மே நல்லது. ஹைட்ராஞ்சியா ஜூலைக்குப் பிறகு. ஸில்லிக் கப்பல் குளிர்காலத்தில் ஓடுவதில்லை. மற்ற மாதங்களிலும் முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை எடுத்துப் போகவும். இந்தத் தோட்டங்கள் எல்லாம் சரிவில் இருப்பவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோவது உத்தமம். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு வேண்டும். சைவம் சாப்பிடுவோருக்கு சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு, சாலட் எங்கும் கிடைக்கிறது. புளியோதரைக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முக்கியமாக, செடியின் துண்டோ விதையோ ஆசைப்பட்டுப் பெட்டியில் போட்டுக் கொண்டு வராதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஒரு நாட்டில் அடக்கமாக இருக்கும் செடி இன்னொரு நாட்டில் அடங்காமல் போகும். துருக்கி, ஸ்பெயின் பக்கத்திலிருந்து அலங்காரத்துக்காகக் கொண்டுபோன ஒருவகை ரோடோடென்ட்ரான் இன்று பிரிட்டனின் காடுகளில் மண்டி, அடியில் வேறு எதையும் முளைக்க விடாமல் செய்கிறது. அதை வெட்டி எறியப் பணமும் உழைப்பும் கொட்டுகிறார்கள். நீலகிரியில் உண்ணிச்செடி செய்திருக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் வேலியைப் பற்றி

ஊர் திரும்பியதிலிருந்து ஒரு விஷயம் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாமும் இடம் பெயர்த்து நட்ட செடிகள்தான். 1980-இல் டிப்ளமா முடித்த கையோடு வேலைக் கடிதத்துடன் நான் நாக்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, அஜ்னி ரயில்வே காலனியில் எனக்கு முன் வந்த தமிழர்கள் இருந்தார்கள். தங்க ஒரு அறை, ஞாயிறு சாம்பார் சாதம், படிக்க ஒரு வாரம் பழைய பத்திரிகை, பேச ஒரு மொழி. அவர்கள் நட்டு வைத்த வேலிக்கு உள்ளேதான் நான் வேர் பிடித்தேன். என் பிள்ளைகள் தமிழ் எழுதக் கற்றது நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான். ரெடிங்கில் இருந்துகொண்டு மகள் இன்னும் எனக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறாள் என்றால், அந்த வகுப்பை நடத்திய பெரியவர்களுக்கு அதில் பங்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.

இப்போது நம் செயற்குழுவைப் பார்க்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர், நூலகப் பொறுப்பாளர், நான் உட்பட அறுபதைத் தாண்டாதவர் ஒருவர் கூட இல்லை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடப்பட்ட மரங்கள். இளைஞர்கள் வருவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறைப்படுகிறோம். பொங்கல் விழாவில் நாற்காலி போடவும் மைக் செட் கட்டவும் அவர்களைக் கூப்பிடுகிறோம். கையெழுத்துப் போடும் பொறுப்பையோ, பணம் செலவழிக்கும் உரிமையையோ கொடுப்பதில்லை. அவர்கள் வேறு மாதிரி செய்வார்கள் என்ற பயம். செய்யட்டுமே. டிரெஸ்கோவிலும் பழைய தோட்டத்தை அச்சு மாறாமல் திரும்ப நடவில்லை.

ஆகவே வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். செயற்குழுவின் ஒவ்வொரு பொறுப்புக்கும் 35 வயதுக்கு உட்பட்ட ஒருவரைத் துணைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். இரண்டு வருடத்தில் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு மூத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நூலகத்தின் சாவியிலிருந்து தொடங்கலாம். அதற்கு ஒப்புக்கொண்டு ஒரு பெண் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறாள். ஞாயிறு வகுப்பின் பழைய மாணவி. மற்றப் பொறுப்புகளுக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் ஞாயிறு மாலை சங்கத்தில் என்னைச் சந்திக்கலாம். பெற்றோர்கள் தயவுசெய்து இந்தக் கட்டுரையை வீட்டுப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டவும்.